டப்பா பஞ்சாயத்து

பதில் சொல்பவர்: சத்துணவு டீச்சரம்மா, செல்லூர்
(சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் பரிமாறி முடித்து, இப்போது பேத்திக்கு டப்பா கட்டுகிறார்.)

கேள்வி: என் மகள் யுகேஜி படிக்கிறாள். அவள் வகுப்பில் ஒரு பிள்ளைக்கு இட்லியில் கரடி முகம், காரட்டில் ரோஜாப்பூ, வெள்ளரிக்காயில் முதலை என்று தினம் ஒரு டப்பா வருகிறதாம். "நீ மட்டும் ஏம்மா வட்டமாவே இட்லி தர்ற?" என்று கேட்கிறாள். 4 மணிக்கே எழுந்து கரடி செய்து பார்த்தேன். பன்றிதான் வந்தது. என்ன செய்யட்டும்?
– வாசகி, திருநகர்

பதில்: தாயி, அந்தப் பன்றியைக் குப்பையில் போட்டிருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். சட்னி தொட்டுக்கொண்டால் கரடியும் பன்றியும் ஒரே ருசிதான்.

இந்த வித்தைக்கு ஜப்பானில் கியாராபென் என்று தனிப் பெயரே இருக்கிறது. சோற்றிலும் காய்கறியிலும் பொம்மை முகம் செய்து டப்பாவில் அடுக்குவார்கள். அவர்கள் அரிசி ஒட்டுகிற அரிசி, பிடித்தால் பிடித்தபடி நிற்கும். நம் பொன்னியில் யானை பிடித்தால் வேன் காளவாசல் தாண்டுவதற்குள் தும்பிக்கை உதிர்ந்துவிடும். கண்ணுக்கு வைத்த மிளகு மூக்குக்கு இறங்கி, மூக்கு சட்னிக்குள் விழுந்து, மத்தியானம் மூடியைத் திறந்தால் உள்ளே கரடி இருக்காது, பேய் இருக்கும். யுகேஜி பிள்ளை பயந்து அழுதால் யார் பொறுப்பு?

என் கணக்குப்படி, இந்தக் கரடியெல்லாம் பிள்ளைக்காகப் பிறப்பதில்லை. காலையில் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் பார்க்கிற சித்தி, பெரியம்மா, பழைய காலேஜ் தோழிகளுக்காகப் பிறக்கிறது. அவர்கள் எல்லாரும் பார்த்து முடித்து ஹார்ட் போட்ட பிறகும், பிள்ளை ஒரு காதைத்தான் கடித்திருக்கும்.

நீங்கள் மினி இட்லித் தட்டு ஒன்று வாங்குங்கள். இட்லி நன்றாக ஆறியதும் பொடி போட்டு, நல்லெண்ணெயைக் கஞ்சத்தனம் பார்க்காமல் விட்டுப் புரட்டி வையுங்கள். எண்ணெய் பட்ட இட்லி மத்தியானம் வரை காயாது. ஒரு வாய்க்கு ஒன்று, பிய்க்கிற வேலையும் இல்லை. மகள் கேட்டால் கரடி போட்ட முட்டை என்று சொல்லுங்கள். கரடி முட்டை போடாது என்று யுகேஜியில் இன்னும் நடத்தியிருக்க மாட்டார்கள்.

கேள்வி: காலையில் கட்டுகிற தயிர் சாதம் மத்தியானத்துக்குள் புளித்துவிடுகிறது. மகன் வாயில் வைக்க மாட்டேன் என்கிறான்.
– வாசகி, ஆனையூர்

பதில்: பெயர்தான் தயிர் சாதம். கட்டும்போது அது பால் சாதமாக இருக்க வேண்டும். சோற்றைக் குழைய வடித்து, மசித்து, ஆறவிடுங்கள். காய்ச்சி ஆறிய பாலை ஊற்றிப் பிசைந்து, தயிர் ஒரே ஒரு ஸ்பூன் மட்டும். நம் ஊர் வெக்கைக்கு அதுவே உறைந்து, சாப்பாட்டு மணி அடிக்கும்போது பதமாக நிற்கும். சித்திரை மாதத்தில் அரை ஸ்பூன் போதும். வெஞ்சனத்துக்கு நார்த்தங்காய் ஊறுகாய் வையுங்கள். மோர் மிளகாய் வேண்டாம், நமுத்துப்போகும்.

கேள்வி: மனைவிக்குக் காலை ஷிஃப்ட். டப்பா கட்டுவது நான்தான். மூடியைத் திறக்க முடியவில்லை என்று மகன் சாப்பாட்டை அப்படியே கொண்டுவருகிறான். ஆயாவாலும் முடியவில்லையாம்.
– வாசகர், திருமங்கலம்

பதில்: தம்பி, உங்கள் கைப்பலம் பாதிக் காரணம், ஆவி மீதிக் காரணம். ஆவி பறக்கிற சோற்றை எவர்சில்வர் டப்பாவில் போட்டு அப்படியே அழுத்தி மூடினால், உள்ளே இருக்கிற ஆவி ஆறித் தண்ணீராகிவிடும். உள்ளே அழுத்தம் குறைந்ததும் வெளிக்காற்று மூடியை அமுக்கிப் பிடித்துக்கொள்ளும். அப்புறம் ஆயா என்ன, ஹெட்மாஸ்டரே வந்தாலும் திறக்காது. வீட்டில் என்றால் வெந்நீரில் கொஞ்ச நேரம் உட்கார வைத்தால் விட்டுவிடும். பள்ளிக்கூடத்தில் வெந்நீருக்கு எங்கே போவான்?

சோற்றைத் தட்டில் பரப்பி, விசிறிக்கு அடியில் வைத்து, சூடு தணிந்த பிறகு மூடுங்கள். மூடியதும் மகன் கையில் கொடுத்து ஒரு தடவை திறக்கச் சொல்லுங்கள். அவன் கைக்குத் திறந்தால்தான் அது பைக்குள் போக வேண்டும். புது டப்பா வாங்கும்போதும் மகனைக் கடைக்குக் கூட்டிப் போங்கள். நம் கைக்கு லேசாக இருக்கிற கிளிப், சின்னப் பிள்ளை விரலுக்கு மல்லுக்கட்டு.

கேள்வி: டப்பா தினமும் துடைத்து வைத்ததுபோல் காலியாக வருகிறது. ஆனால் வீட்டுக்குள் நுழைந்ததும் மகன் அடுப்படியில் சட்டி பானையை உருட்டுகிறான். வயிற்றில் பூச்சியா?
– வாசகி, வில்லாபுரம்

பதில்: பூச்சி இல்லை தாயி, வியாபாரம். காலி டப்பா, சாப்பாடு காலியானதற்குத்தான் சாட்சி. யார் சாப்பிட்டார்கள் என்று அது சொல்லாது.

மணி அடித்ததும் அங்கே சந்தை கூடுகிறது. என் பேத்தி சொல்கிற நிலவரம் இது: முட்டைப் பொடிமாஸ் ஒரு ஸ்பூனுக்கு எலுமிச்சைச் சாதம் நாலு வாய். உருளைக்கிழங்கு வறுவலுக்கு எப்போதும் ஏறுமுகம். சப்பாத்தி ரோலுக்குக் காலை இன்டர்வெல்லில் நல்ல விலை, மத்தியானம் விறைத்ததும் படுத்துவிடும். முந்தின ராத்திரி வாங்கிய பரோட்டாவில் மிச்சத்தைப் பிய்த்துப் போட்டு, முட்டை ஊற்றிக் கொத்தி அனுப்பினால் அன்றைக்கு அந்தப் பிள்ளைதான் ராஜா. கூடவே சால்னாவும் இருந்தால் மந்திரிசபையே அமைத்துவிடும். கோவைக்காய்ப் பொரியலை இனாமாகக் கொடுத்தாலும் வாங்க ஆளில்லை. உப்புமா கொண்டுவந்த பிள்ளை சந்தைக்கே வராமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடுமாம்.

உங்கள் மகன் ஒன்று தாராள மனசுக்காரன், இல்லை பேரம் பேசத் தெரியாதவன். "சாப்பிட்டியா?" என்று கேட்டால் "ம்" என்பான். "இன்னைக்கு யாரு என்ன கொண்டாந்தா?" என்று கேளுங்கள், மொத்தக் கதையும் கொட்டும். பங்கு போடுவதைத் தடுக்காதீர்கள், இரண்டு கரண்டி சேர்த்து வையுங்கள். ஒன்று மட்டும் சொல்லி வையுங்கள்: சில பிள்ளைகளுக்கு நிலக்கடலை, முந்திரி ஒத்துக்கொள்ளாது, முகமெல்லாம் வீங்கிவிடும். கேட்காமல் யார் வாயிலும் ஊட்டக் கூடாது.

கேள்வி: பள்ளியில் இருந்து வாராவாரம் அட்டவணை வருகிறது. திங்கள் மஞ்சள் நிற உணவு, செவ்வாய் பச்சை நிறம், புதன் சிறுதானியம், வியாழன் அடுப்பில்லாச் சமையல், வெள்ளி பழம். தலை சுற்றுகிறது.
– வாசகி, கே.கே.நகர்

பதில்: நாமும் ஒரு அட்டவணை அனுப்புவோம்.

"மதிப்பிற்குரிய நிர்வாகத்துக்கு, தாய்மார்கள் எழுதிக்கொள்வது. திங்கள்: மாவு ஆட்டியிருக்கிறோம், இட்லி. செவ்வாய்: மாவு லேசாகப் புளித்திருக்கிறது, தோசை. புதன்: நன்றாகப் புளித்துவிட்டது, வெங்காயம் போட்டுப் பணியாரம். வியாழன்: அந்த மாவைப் பற்றிப் பேச வேண்டாம், எலுமிச்சைச் சாதம். இதை மஞ்சள் நிற உணவாகக் கருதவும். வெள்ளி: பிள்ளை கையில் 20 ரூபாய் இருக்கும். நிறம் தாங்களே பார்த்துக்கொள்ளவும்."

சரி, நிஜமாக வேண்டுமென்றால், பச்சைக்குக் கொத்தமல்லிச் சாதம். சிறுதானியத்துக்கு நம் பேரையூர்ப் பக்கம் விளைகிற குதிரைவாலியில் வெண்பொங்கல் கிண்டுங்கள். ஆறினால் இறுகும் என்பதால் கொஞ்சம் தளரவே இறக்குங்கள். அடுப்பில்லாச் சமையல் நாளுக்கு அவல். மற்றதை அட்டவணை போட்டவர்களே சமைத்துக் காட்டட்டும்.

கேள்வி: "கவர்மென்ட் பள்ளிக்கூடத்தில் காலையும் மத்தியானமும் சோறு போடுறாங்க. அங்க சேர்க்காம, 5 மணிக்கே எந்திரிச்சுப் பாத்திரத்தை உருட்டுறியே?" என்று மாமியார் கேட்கிறார். பதில் சொல்லுங்கள்.
– வாசகி, உசிலம்பட்டி

பதில்: உங்கள் மாமியார் பக்கம்தான் நான். 1956-இல் காமராஜர் மதிய உணவை ஊரெங்கும் கொண்டுபோனார். 1982-இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக்கினார். காலை உணவுத் திட்டத்தை மு.க.ஸ்டாலின் 2022 செப்டம்பர் 15 அன்று தொடங்கி வைத்தது நம் மதுரையில், ஆதிமூலம் மாநகராட்சிப் பள்ளியில். பிள்ளைகளோடு அவரும் உட்கார்ந்து சாப்பிட்டார்.

எங்கள் மையத்தில் எல்லாத் தட்டிலும் ஒரே சோறு, அதனால் சந்தை கூடாது. முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம் உண்டு. பேரம் நடந்தால் அந்தப் பழத்துக்கும் முட்டைக்கும் நடுவில்தான். முட்டையில் முகம் வரைந்து தரச் சொல்லி ஒரு பிள்ளையும் கேட்டதில்லை. இன்னொரு கரண்டி சாம்பார்தான் கேட்கும்.

கேள்வி: நான் ஆறாம் வகுப்பு. அம்மா வாரம் இரண்டு நாள் பாகற்காய் வைக்கிறார். வேண்டாம் என்றால் திட்டு விழுகிறது. பெயர் போடாதீர்கள்.
– மேலூர்

பதில்: பெயர் போடவில்லை ராசா. ஆனால் மேலூரில் வாரம் இரண்டு நாள் பாகற்காய் வாங்குகிற அம்மா இதைப் படித்தால் உன்னைக் கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் ஆகும்? அதனால் மீதியை அவருக்கே எழுதுகிறேன்.

தாயி, பாகற்காயை மெல்லிசு வட்டமாக நறுக்கி, உப்புப் பிசறி வைத்திருந்து ஒட்டப் பிழியுங்கள். மிளகாய்த்தூளும் அரிசி மாவும் தூவி மொறுமொறுவென்று பொரித்து, ஆறியதும் தனிச் சம்புடத்தில் போடுங்கள். சோற்றோடு சேர்த்து மூடினால் நமுத்துவிடும். வாரம் ஒரு நாள் போதும். பையனைத் திட்ட வேண்டாம், பஞ்சாயத்தில் அவன் பெயரை நான் சொல்லவே இல்லை.