வண்டிப் பட்டறை: பெரிய டயர் போட்டால் கூடுதல் பாரம் தாங்குமா?

கேள்வி: ஒட்டன்சத்திரம் சந்தைக்குத் தக்காளியும் முருங்கையும் ஏற்றிச் செல்லும் பிக்கப் வண்டி வைத்திருக்கிறேன். இப்போது அதில் இருப்பது 215/75 ஆர் 15 டயர். தோட்டத்து வண்டித்தடத்தில் அடிப்பாகம் இடிப்பதால் 235/75 ஆர் 15 போட விரும்புகிறேன். பெரிய டயர் கூடுதல் பாரம் தாங்கும் என்றும், நான்கிலும் 65 பவுண்டு காற்று வைக்கலாம் என்றும் டயர் கடைக்காரர் சொல்கிறார். செய்யலாமா?
– ஒரு வாசகர், ஒட்டன்சத்திரம்

பதில்: உங்களுக்குக் கிடைக்கப்போகும் உயரத்தை முதலில் கணக்கிடுவோம். 215 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 75 விழுக்காடு. 15 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். இதன்படி பழைய டயரின் விட்டம் 703.5 மி.மீ., புதியதன் விட்டம் 733.5 மி.மீ. வித்தியாசம் 30 மி.மீ. ஆனாலும், வண்டி உயர்வது அதில் பாதிதான்; அதாவது ஒரு சுண்டுவிரல் அகலம். அதற்காக நான்கு டயர் வாங்குவதைவிட, தடத்தின் நடுமேட்டை மண்வெட்டியால் சீவிவிடுவது மலிவு என்பது என் எண்ணம்.

அந்த 15 மி.மீ.க்கு வேறு விலையும் உண்டு. ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது வண்டி ஏறக்குறைய 62.5 கி.மீ. வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். ஓடிய தூரமும் குறைவாகவே பதிவாகும் என்பதால், மைலேஜ் விழுந்துவிட்டதாகப் பலர் புலம்புவதில் ஒரு பங்கு வெறும் கணக்குப் பிழை. ஆனால் சுமையுடன் மலையேறும்போது இழுவை குறைவது மெய்யான இழப்பு. 235 அளவுக்கு ரிம் குறைந்தது 6 அங்குல அகலமாவது இருக்க வேண்டும். ஸ்டியரிங்கை இருபுறமும் முழுமையாக ஒடித்து, பாரம் ஏற்றிய நிலையில், மட்கார்டிலும் ஸ்பிரிங் பட்டையிலும் உரசுகிறதா என்று பார்க்க வேண்டும். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, உற்பத்தியாளர் குறித்த அமைப்பை மாற்றுவதைக் கட்டுப்படுத்துவதால், உங்கள் வண்டியின் கையேட்டில் இந்த அளவு இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

பாரத்தைப் பற்றிக் கடைக்காரர் சொன்னதுதான் எனக்குக் கவலை தருகிறது. தாங்கும் திறனைச் சொல்வது டயரின் பருமன் அன்று, அளவுக்குப் பின்னால் பொறித்திருக்கும் பார எண். 105 என்றால் ஒரு டயருக்கு 925 கிலோ, 106 என்றால் 950 கிலோ, 109 என்றால் 1,030 கிலோ. 235/75 ஆர் 15 அளவில் ஜீப், கார் வகை வண்டிகளுக்கென வரும் டயர்களில் 105 என்ற எண் சாதாரணம். இவற்றுக்கு 65 பவுண்டு காற்று ஏற்றவே கூடாது. எடைமேடையில் பின்சக்கரங்களை மட்டும் நிறுத்தி எடை போடுங்கள். முழுப் பாரத்தில் அது 1,900 கிலோ காட்டினால் சக்கரத்துக்கு 950 கிலோ விழுகிறது. 105 எண்ணுள்ள பெரிய டயர் அங்கேயே தோற்றுவிடும். தகுதியான டயரையே போட்டாலும் ஆக்ஸிலும் ஸ்பிரிங் பட்டையும் பிரேக்கும் பழையவைதான் என்பதால், அனுமதித்த பாரம் ஒரு கிலோகூட அதிகரிக்காது.

காற்றின் அளவைத் தீர்மானிப்பது சுமை. பக்கச்சுவரில் இருக்கும் எண் உச்ச வரம்பு மட்டுமே. ஓட்டுநர் கதவருகே ஒட்டியிருக்கும் அட்டவணையில் முன்னுக்கும் பின்னுக்கும் வெவ்வேறு அளவு இருப்பதற்குக் காரணம், பாரம் ஏறினாலும் முன்சக்கரங்களின் சுமை அதிகம் மாறாமல், பின்சக்கரங்களின் சுமைதான் பெரிதும் கூடுகிறது என்பதே. ஆனால் அந்த அட்டவணை பழைய அளவுக்கு உரியது. டயரை மாற்றினால், புதிய டயரின் நிறுவனம் தரும் பார–காற்று அட்டவணையைக் கேட்டு வாங்குங்கள். காலி வண்டியில் பின்டயர் கல்லாக இருந்தால் வண்டி துள்ளும், மழையில் பிரேக் பிடிக்கும்போது வழுக்கும், டயரின் நடுப்பகுதி மட்டும் தேயும். இதை நீங்களே பார்க்கலாம்: டயரின் குறுக்கே சாக்பீஸால் கோடு இழுத்து, காய்ந்த தார்ச்சாலையில் நூறு மீட்டர் நேராக ஓட்டுங்கள். நடுவில் மட்டும் கோடு அழிந்தால் காற்று அதிகம், இரு ஓரங்களில் மட்டும் அழிந்தால் குறைவு. எனினும் இந்தச் சோதனையை நம்பி அட்டவணை சொல்லும் அளவுக்குக் கீழே இறங்கிவிடாதீர்கள்.

கேள்வி: காலையில் வைத்த காற்று, சந்தையிலிருந்து திரும்பும்போது 5 பவுண்டு கூடியிருக்கிறது. இறக்கிவிடலாமா?
– மற்றொரு வாசகர், தேனி

பதில்: கூடாது. ஓடிச் சூடான டயரில் காற்றழுத்தம் ஏறுவது இயல்பு. உள்ளிருக்கும் காற்று 5 டிகிரி சூடேறினால் ஏறத்தாழ 1 பவுண்டு கூடும். அதை இறக்கிவிட்டால் மறுநாள் காலை டயர் காற்றுக் குறைவோடு பாரம் சுமக்கும். பக்கச்சுவர் மடங்கி மடங்கிச் சூடேறி வெடிப்பது பெரும்பாலும் அப்படித்தான். வண்டி குறைந்தது மூன்று மணி நேரம் நின்ற பிறகு, உங்கள் சொந்தக் கேஜில் அளந்து பாருங்கள். நான் வழக்கமாகப் போகும் பஞ்சர் கடையின் மீட்டர், என்னுடையதைவிட 6 பவுண்டு கூடுதலாகக் காட்டிக்கொண்டிருந்ததை ஒரு வருடம் கழித்துத்தான் கண்டுபிடித்தேன்.