இரண்டாங்கட்டு அடுப்பு (கடிதமும் பதிலும்)

அன்புள்ள ஆச்சிக்கு,

தேவகோட்டையிலிருந்து எழுதுகிறேன். வயது 71. பேரனுக்குக் கல்யாணமாகி ஆறு மாதம்தான். சென்னையில் மகன் வீடு அத்தனை பெரிதாக இருக்க, பேரனும் அவன் பெண்டாட்டியும் தனி ஃபிளாட் எடுத்துப் போய்விட்டார்கள். சண்டை ஒன்றுமில்லை, 'எங்களுக்கென்று ஓர் இடம் வேண்டும்' என்கிறார்கள். போன வாரம் அந்தப் பெண் போனில் வெள்ளைப் பணியாரத்துக்கு அளவு கேட்டாள். பக்கத்தில் நின்று பழக வேண்டியதைப் போனிலா கேட்பது? 'அப்புறம் சொல்கிறேன்' என்று வைத்துவிட்டேன். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பாசம் விட்டுப்போய்விட்டதா?

ஒரு வாசகி

அன்புள்ள ஆச்சி,

உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனாலும் தனியாகப் போனதைப் பாசக்குறைவு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கல்யாணமான பிள்ளையை வேறு வைப்பது, அதாவது அதே வீட்டில் தனி அடுப்பு கொடுத்துத் தனிக் குடும்பமாக்குவது, நம் நகரத்தார் வீட்டு வழக்கம்தானே? கல்யாணம் ஆனால் அவர்கள் ஒரு புள்ளி, கோயில் கணக்கில் தனிக் குடும்பம். கோயில் வரியும் தனி, அடுப்பும் தனி.

என்னை வேறு வைத்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. எனக்கு அப்போது 19 வயது. மாமியார் வீட்டின் உள்பகுதியான இரண்டாங்கட்டுக்கு அழைத்துப் போய் மூன்றாவது அடுப்பைக் காட்டி, அரிசி, பருப்பு, புளி, மிளகாய் எல்லாம் அளந்து கொடுத்தார்கள். அன்றைக்கு நான் என்ன சமைத்தேன் என்று யாரும் எட்டிப் பார்க்கவில்லை. சாயங்காலம் ஓரகத்தி ஒரு கிண்ணம் வெண்டைக்காய் மண்டியை என் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டுப் பேசாமல் போனார்கள். அந்தச் சின்ன அடுப்படியில் எனக்கு வந்த தைரியம் வேறு எங்கேயும் வந்ததில்லை. உங்கள் பேரன் பெண்டாட்டிக்கும் அது கிடைக்கட்டுமே!

தூரமும் நமக்குப் புதிதில்லை. எங்கள் ஐயா, அதாவது ஆத்தாவைப் பெற்ற தாத்தா, ரங்கூனுக்குப் பெட்டியடிப் பையன் என்ற கடைநிலை வேலைக்குப் போய், ஏஜெண்டுக்கு அடுத்த நிலையான அடுத்தாளாகி, பிறகு ஏஜெண்டு ஆனவர்கள். மூன்று வருஷக் கணக்கு முடிந்தால்தான் ஊருக்கு வர முடியும். எங்கள் ஆத்தாவை, என் அம்மாவை, அவர்கள் முதன்முதலில் பார்த்தபோது ஆத்தாவுக்கு இரண்டரை வயது. வளவில், வீட்டு நடுமுற்றத்தில், தூணுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டார்களாம். ஐயாவுக்குப் பாசமில்லை என்று எங்கள் ஆயா, அந்தப் பாட்டி, ஒருநாளும் சொல்லி நான் கேட்டதில்லை.

ஒன்று மட்டும் எனக்கும் உறுத்துகிறது. அடுப்பு வேறானாலும் நமக்கு வளவு ஒன்றாக இருந்தது. வற்றல் காயப்போட, பிள்ளையைத் தூங்கவைக்க எல்லாரும் அங்கேதான் வரவேண்டும். கோபமாக இருந்தாலும் முகத்தைப் பார்த்துத்தான் ஆகவேண்டும். ஃபிளாட்டில் அந்த வளவு இல்லை. அதைப் பிள்ளைகளுக்கு உண்டாக்கிக் கொடுக்க வேண்டியவர்கள் நாம்தான் என்று நினைக்கிறேன். முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்கு வரச்சொல்லி மூன்று மாதம் முன்னாலேயே நாளைச் சொல்லிவிடுங்கள், லீவு போட வேண்டாமா?

போன பிள்ளையார் நோன்புக்குப் பேத்தி சிங்கப்பூரில் இருந்தாள். வீடியோவில் வந்தாள். அவளாகவே மாவு பிசைந்து, நாங்கள் அனுப்பிய 21 இழைத் திரியை வைத்து ஏற்றியிருந்தாள். "எடுத்துக்க ஆத்தா" என்றேன். நோன்பு வழக்கப்படி சுடரோடு மாவை வாயில் போட்டுக்கொண்டாள். பிறகு போனைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுத் தரையில் விழுந்து கும்பிட்டாள். திரையில் அவள் பின்னல் மட்டும்தான் தெரிந்தது. அவள் நெற்றியில் திருநீறு பூச முடியாத கையை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

ஆச்சி, அந்தப் பெண் உங்களிடம் அளவு கேட்டிருக்கிறாள். யூடியூபில் ஆயிரம் பேர் சொல்கிறார்கள், அவள் உங்களைக் கேட்டிருக்கிறாள். இன்றைக்கே கூப்பிடுங்கள். பச்சரிசியை ஆழாக்கில் தலைதட்டி அளந்து, அதன் மேலேயே உளுந்தைக் கோபுரமாகக் கொட்டச் சொல்லுங்கள். இரண்டு மணி நேரம் ஊறட்டும், வெண்ணெயாக ஆட்டட்டும். எண்ணெய் நன்றாகக் காய்ந்ததும் ஒரு கரண்டி, ஒரு நேரத்துக்கு ஒன்றுதான். முதல் பணியாரம் எப்படி வந்தது என்று படம் அனுப்பச் சொல்லுங்கள், எனக்கும் பார்க்க வேண்டும்.