தர்மபுரியில் இருந்து சீரியல் நடிகராகி, அப்புறம் பிக் பாஸ் வரை போக முடியுமா?

முடியும் தம்பி. ஆனால் ஒரே தாவலில் அங்கே போய்விடலாம் என்று நினைக்காதீர்கள்.

திருநெல்வேலிக்காரர் ராஜு ஜெயமோகனையே பாருங்கள். 'கனா காணும் காலங்கள்' தொடரில் ஆரம்பித்தார். அப்புறம் 'சரவணன் மீனாட்சி', 'நாம் இருவர் நமக்கு இருவர்' என்று வருடக்கணக்கில் சின்னத்திரைதான். பிக் பாஸ் ஐந்தாவது சீசனை வென்றது 2022 ஜனவரியில். கதாநாயகனாக நடித்த 'பன் பட்டர் ஜாம்' வந்தது 2025-இல். அந்த நடுவாந்திர வருடங்களைத்தான் யாரும் பேசுவதில்லை. எனக்கு அவர்மேல் மரியாதை வந்ததே அதனால்தான்.

சீரியல் வேலை வேகமானது. உதவி இயக்குநர் கேமராவுக்குப் பின்னால் நின்று வசனத்தை எடுத்துக் கொடுப்பார். அதைக் காதில் வாங்கிக்கொண்டே, முகத்தில் அழுகையையும் காட்ட வேண்டும். சம்பளம் பெரும்பாலும் நாள் கணக்கு. கதையில் உங்கள் பாத்திரம் செத்தால் வருமானமும் நின்றுவிடும். ரியாலிட்டி ஷோவிலோ வசனமே கிடையாது. உங்கள் குணம்தான் வெளியே தெரியும்.

நமக்குப் பெங்களூரு பக்கம்தான், ஆனால் தமிழ் சீரியல் வேலை பெரும்பாலும் சென்னையில். வடபழனி, சாலிகிராமம் பக்கம் அறை எடுக்க ஆறு மாதக் காசு சேர்த்துக்கொண்டு கிளம்புங்கள். அதுவரை நம் ஊர்த் தெருக்கூத்துக் குழு எதிலாவது சேர்ந்து விடிய விடிய ஆடிப் பாருங்கள். குரலுக்கு அதைவிட நல்ல பயிற்சி கிடையாது. வாய்ப்பு தருவதாகச் சொல்லி முன்பணம் கேட்பவருக்கு ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.