பாத்தேக் மெழுகும் மாமியாரின் அரக்கும்

அன்புள்ள ஐயா,

துணியில் மெழுகால் கோடிட்டுச் சாயம் ஏற்றும் பாத்தேக் முறையில் பினாங்கு ஓவியர் சுவா தியன் தெங் வரைந்த ஓவியங்கள் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். பள்ளி விடுமுறையில் பிள்ளைகளோடு வீட்டில் செய்து பார்க்க ஆசை. கடையில் கிடைக்கும் வெள்ளை மெழுகுவர்த்தியை உருக்கினால் போதுமா? அரக்கும் மெழுகும் ஒன்றுதான் என்கிறார் மாமியார். சரியா?

ஒரு வாசகி, பட்டர்வொர்த்

அன்புள்ள சகோதரிக்கு,

மெழுகுவர்த்தி மட்டும் போதாது. பெரும்பாலும் அது பாரஃபின், கச்சா எண்ணெயிலிருந்து வருவது. ஆறினால் நொறுங்கும். துணி லேசாகக் கசங்கினாலே வெடிப்பு விட்டுச் சாயம் உள்ளே இறங்கி, சிலந்தி வலை மாதிரிக் கோடுகள் விழும். வேண்டுமென்றே அப்படி விழவைப்பவர்களும் உண்டு; பிள்ளை வரைந்த மீனின் முகத்தில் விழுந்தால் வீட்டில் அழுகைதான்.

தேன்மெழுகு வளைந்து கொடுக்கும், விலைதான் கடிக்கும். அதனால் பட்டறைக்காரர்கள் இரண்டையும் கலந்து, துணியில் பிடிப்பதற்குப் பிசினும் சேர்ப்பார்கள். டாமார் என்று இங்கே சொல்லும் பிசின் நம் குங்கிலியத்தின் உறவு. சுவாமிமலை ஸ்தபதிகளும் சிலைக்கு மெழுகில் உரு பிடிக்கும்போது தேன்மெழுகோடு குங்கிலியத்தைத்தான் கலக்கிறார்கள், கொஞ்சம் கடலை எண்ணெயும் விட்டு. அங்கே மெழுகு உருகி ஓடி உலோகத்துக்கு இடம் விடுகிறது. இங்கே அசையாமல் நின்று சாயத்தை மறிக்கிறது. இடுப்பில் சுற்றும் சாரோங் துணியில் இருந்த இந்த வித்தையை 1950களில் ஓவியத்துக்குக் கொண்டுவந்தவர் தெங்.

கலவையைவிடச் சூடு முக்கியம். உருகிய மெழுகை ஊற்றிக் கோடிழுக்கும் பேனா போன்ற சந்திங்கால் இழுத்த கோடு ஈரம் பட்டதுபோல் ஒளிவிட்டுத் தெரிந்தால் மெழுகு மறுபக்கம் வரை இறங்கிவிட்டது. வெளுத்து, மேலே தடித்து நின்றால் ஆறிய மெழுகு. அடியில் சாயம் கசியும். துணியைத் திருப்பிப் பார்த்துவிட்டே சாயம் தொடுங்கள். சூட்டைக் கட்டுப்படுத்தும் மின்சாரச் சட்டி நல்லது. சட்டி பக்கம் பிள்ளைகள் வேண்டாம். புகைந்தால் உடனே அணையுங்கள். தீப்பிடித்தால் தண்ணீர் கூடவே கூடாது, மூடியால் மூடுங்கள்.

மாமியார் சொல்வது பாதி சரி. அரக்கும் தேன்மெழுகும் பூச்சி தருவதுதான். ஆனால் அரக்கு, மரக்கிளையில் அரக்குப்பூச்சி சுரக்கும் பிசின். பாண்டவர்களுக்கு துரியோதனன் கட்டியது அந்த அரக்கில்தான். தபால் பொட்டலத்தில் முத்திரை வைத்ததும் அதுதான். பாத்தேக்குக்கு ஆகாது.

கடைசியில் துணியைக் கொதிநீரில் போட்டு மெழுகை எடுப்பீர்கள் அல்லவா, அந்தத் தண்ணீரை சிங்க்கில் ஊற்றிவிடாதீர்கள், குழாய் அடைத்துக்கொள்ளும். ஆறவிட்டால் மெழுகு மேலே உறைந்து நிற்கும், வழித்து வைத்து அடுத்த துணிக்கு வைத்துக்கொள்ளலாம்.