இணைய விளம்பரம் கல்லூரி மாணவர்களின் வாங்கும் எண்ணத்தை எப்படி மாற்றுகிறது?

விளம்பரத்தைப் பார்த்தவுடன் மாணவர்கள் பொருளை வாங்கிவிடுவதில்லை. முதலில் உருவாவது வாங்கும் எண்ணம்தான். உளவியலாளர் ஐசெக் அய்சன் 1991இல் விளக்கிய கோட்பாட்டின்படி, ஒரு செயலைப் பற்றிய மனப்பான்மை, நெருங்கியவர்களின் எதிர்பார்ப்பு, தன்னால் முடியும் என்ற நம்பிக்கை ஆகிய மூன்றும் எண்ணத்தை உருவாக்குகின்றன. விடுதி மாணவி ஒருவர் இயர்பட்ஸைத் தேடிப் பார்த்து, விலை கட்டுப்படியாகாமல் விட்டுவிட்டாலும், அதே பொருள் இன்ஸ்டாகிராமில் திரும்பத் திரும்பத் தோன்றி, அவருக்குப் பிடித்த யூடியூபரும் அதைப் பாராட்டி, 'மாதத் தவணை உண்டு' என்ற வரியும் சேரும்போது, அந்த மூன்றும் ஒருசேர வலுப்பெறுகின்றன. இவற்றில் தவணைதான் எனக்கு மிகுந்த கவலை தருகிறது. சொந்த வருமானம் இல்லாதவருக்கும் அது வாங்கும் துணிவைக் கொடுத்துவிடுகிறது. 'இன்னும் இரண்டே மீதம்' என்று பொய்யாக அவசரப்படுத்துவதை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் 2023ஆம் ஆண்டு வழிகாட்டுதல்கள் தடை செய்கின்றன. அத்தகைய விளம்பரத்தைக் கண்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம்.