நரம்பில் ஊசி போட்டால் கால் விளங்காமல் போய்விடுமா?

கேள்வி: அம்மாவுக்கு 68 வயது. இரண்டு முழங்காலும் தேய்மானம், சர்க்கரை வேறு. ஆபரேஷன் என்றாலே அழுகிறார். நரம்பில் ஊசி போட்டு வலியைக் குறைக்கலாம் என்கிறார் டாக்டர். கால் விளங்காமல் போய்விடுமோ என்று வீட்டில் எல்லோருக்கும் பயம். போடலாமா?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: போடலாம். காலை அசைக்கும் பெரிய நரம்புகளில் இந்த ஊசியைப் போடுவதில்லை. முழங்காலைச் சுற்றி ஜெனிகுலர் நரம்புகள் என்று மெல்லிய கிளைகள் ஓடுகின்றன, மூட்டு வலியை மூளைக்குக் கொண்டுபோவது இவைதான். மூட்டுக்கு மேலே இரண்டு பக்கமும், கீழே உள்பக்கம் மட்டும், ஆக மூன்று இடங்களில் ஸ்கேன் அல்லது எக்ஸ்-ரே பார்த்தபடி மருந்தைச் செலுத்துவார்கள். கீழே வெளிப்பக்கத்தை ஏன் விடுகிறார்கள் என்றால், பாதத்தைத் தூக்கும் நரம்பு அங்கே பக்கத்திலேயே போகிறது.

ஆனால் ஒன்று, முதல் ஊசி பெரும்பாலும் சோதனைதான். மரக்கும் மருந்தின் வேலை சில மணி நேரத்தில் முடிந்துவிடும், மறுநாள் வலி திரும்பியதும் 'காசு போச்சே' என்று புலம்ப வேண்டாம். அன்றைக்கே அம்மாவைக் கொஞ்சம் நடக்கவிட்டு, உட்கார்ந்து எழச் சொல்லி, பத்துக்கு எத்தனை வலி என்று மணிக்கு ஒரு தரம் குறித்து வையுங்கள். வலி பாதியாவது குறைந்திருந்தால்தான் அடுத்த கட்டம்: அதே நரம்புகளை ரேடியோ அலை ஊசியால் 80 டிகிரி அளவுக்குச் சூடாக்கிச் செயலிழக்கச் செய்வது. பலருக்கு ஆறு மாதம், சிலருக்கு ஒரு வருடம்கூடத் தாங்கும். நரம்பு மறுபடி வளர்ந்தால் வலியும் வரும், அப்போது திரும்பச் செய்துகொள்ளலாம்.

மருந்தோடு ஸ்டீராய்டு சேர்க்கிறார்களா என்று கேட்டுவிடுங்கள். சேர்த்தால் சில நாள் சர்க்கரை ஏறும், வீட்டில் அடிக்கடி பார்க்க வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிட்டால் முன்கூட்டியே சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

தேய்ந்த மூட்டை இந்த ஊசி சரிசெய்யாது. கால் வில் மாதிரி நன்றாக வளைந்துவிட்டது என்றால் ஆபரேஷன் பேச்சைத் தள்ளிப்போடுவதில் பெரிய லாபமில்லை.

அப்புறம், வலி போன சந்தோஷத்தில் அம்மா கிரிவலம் கிளம்பிவிடப் போகிறார், 14 கிலோமீட்டர்! இப்போதைக்கு வேண்டாம். நாற்காலியில் உட்கார்ந்து காலை நேராக நீட்டி, பத்து எண்ணி இறக்கச் சொல்லுங்கள், ஒவ்வொரு காலுக்கும் பத்து முறை, காலையும் மாலையும். வலி இருக்கும்போது இதைச் செய்யச் சொன்னால் யாரும் செய்யமாட்டார்கள்.