அந்த எலக்ட்ரானைக் கொடுத்தது யார்?

வணக்கம். புரதக் கரைசலில் தங்கக் குளோரைடைக் கலந்து வைத்தோம். வெளிர்மஞ்சளாக இருந்தது, மறுநாள் சிவந்துவிட்டது. புரதம் தானாகவே தங்க நானோதுகள்களை உருவாக்குகிறது என்று எழுதலாமா? இவை மருந்தாகப் பயன்படுமா?
ஒரு மாணவி

அன்புள்ள மாணவிக்கு,

'தானாகவே' என்ற சொல்லிலேயே நின்றுவிட்டேன். கொஞ்ச நாளாக என்னை உறுத்திக்கொண்டிருக்கும் சொல் அது. முதலில் அதை அடித்துவிடுங்கள். வேதியியல் படிக்கிற நீங்கள் இப்படி எழுதலாமா?

கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்கள் கரைசலில் உள்ள ஒரு தங்க அயனி உலோகமாக 3 எலக்ட்ரான்கள் வேண்டும். 10 நானோமீட்டர் விட்டமுள்ள துகளில் சுமார் 30,000 அணுக்கள். ஆக, ஒரே ஒரு துகளுக்கு 90,000 எலக்ட்ரான்கள். யாரோ இழந்தால்தானே அது கிடைக்கும்? புரதத்தைக் கட்டும் அமினோ அமிலங்களில், வளைய வடிவப் பகுதி கொண்ட டைரோசினும் டிரிப்டோபனும் எலக்ட்ரானை எளிதில் கொடுப்பவை. ஆனால் பசுவின் ரத்தப் புரதமான ஆல்புமினின் ஒரு மூலக்கூறில் டிரிப்டோபன் இரண்டே இரண்டு, டைரோசின் ஏறத்தாழ 20. ஒரு மூலக்கூறால் ஆகிற காரியமா? கொடுத்த வளையமும் பழையபடி இருக்காது, ஆக்சிஜனேற்றமடைந்து உருமாறிவிடும். அந்த இழப்பைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை.

நானும் ஒரு காலத்தில் இதே சிவப்பைப் பார்த்துப் பூரித்துப்போய் அறிக்கையே எழுதிவிட்டேன். ஒப்பிடுவதற்காகப் புரதம் சேர்க்காத குடுவை ஒன்று பக்கத்தில் இருந்தது. அப்புறம்தான் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். அதுவும் நிறம் மாறியிருந்தது. ஊதா நிறம், அடியில் கருமையான படிவு. எலக்ட்ரானைக் கொடுத்தது ஹெப்பெஸ். அமிலத்தன்மை மாறாமலிருக்க நானே ஊற்றிய தாங்கல் கரைசல்! அதன் பைப்பரசின் வளையத்திலுள்ள நைட்ரஜன் எலக்ட்ரானை விட்டுக்கொடுக்கும் என்று எனக்கு அன்று தெரியாது. புரதம் அங்கே முக்கியமாகச் செய்தது வேறு வேலை. பிறந்த துகள்களைப் போர்த்தி, ஒன்றோடொன்று ஒட்டாமல் காத்தது. அதனால்தான் புரதம் சேர்த்த குடுவை மட்டும் சிவப்பாகவே நின்றது.

1857இல் ஃபாரடே தங்கக் கரைசலைச் சிவக்க வைத்தபோது எலக்ட்ரான் என்ற ஒன்றையே யாரும் அறிந்திருக்கவில்லை. ஆனாலும் தங்கத்தை உலோகமாக்குவதற்குப் பாஸ்பரஸைப் போட்டது தான்தான் என்று அவருக்குத் தெரியும்.

மருந்துப் பேச்சு இப்போது வேண்டாம்.

திட்டிவிட்டேன் என்று சோர்ந்துவிடாதீர்கள். அந்தச் சிவப்பை முதன்முதலாகப் பார்க்கும் காலை யாருக்கும் மறக்காது. நாளைக்கே இன்னொரு குடுவை வையுங்கள். எல்லாம் அதே அளவு, புரதம் மட்டும் இல்லாமல். மறுநாள் என்ன நிறம் என்று எனக்கு எழுதுங்கள்.